டேப்பை ஒருக்கா வயித்தைச் சுத்திப் பிடியுங்கோ: கொழும்பு புடவைக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மெயின் வீதி, கெய்சர் வீதி, வெள்ளவத்தை காலி வீதி எண்டு கொழும்பில புடவைக்கடை வச்சிருக்கிற அண்ணாமார், ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம்.

சம்பளம் கூட்டச்சொல்லி எழுதேல்லை, பயப்பிடாதைங்கோ. (கூட்டத்தான் வேணும், அது வேற மடல்.) நான் உங்கள்ல சில பேற்ற கடையில கணக்கு எழுதுறவன், மாசக்கடைசியில மேல்மாடி மேசையில ஃபைலோட இருக்கிறவன், அங்க இருந்து பாத்தா கடை முழுக்கத் தெரியும், ஆர் எத்தினை தரம் பிளேன்டீ குடிக்கிறான், ஆர் மத்தியானச் சோத்தை மூண்டரைக்குத் திறக்கிறான், ஆர் அடிக்கடி கக்கூசுக்குப் போறான் எண்டது வரைக்கும். நான் கேக்கிறது ஒரு அஞ்சு நிமிஷமும், பேந்து சில பேருக்கு சம்பளத்தோட ஒரு காலமை நேரமும். சீனி வருத்தம் (நீரிழிவு) வரப்போற ஆள் ஆர் எண்டு, வாறதுக்கு முதலே ஓரளவு கணக்குப் போட்டுப் பாக்கலாம். ஊசி குத்தத் தேவையில்லை, ரத்தம் எடுக்கத் தேவையில்லை. அதுக்கு வேண்டிய முக்கியமான சாமான் உங்கட ஒவ்வொரு சேல்ஸ்மென்ட கழுத்திலயும் விடிஞ்சா பொழுதுபட்டா தொங்குது, அந்த இன்ச் டேப்தான்.

முதல்ல நாங்க இப்ப செய்யிறதைப் பற்றிச் சொல்லவேணும். ஏதாவது கிளப், இல்லாட்டி ஒரு மருந்துக் கொம்பனி ஆக்கள் வந்து கடை வாசல்ல மேசை போட்டு இலவச சுகர் செக் எண்டு விரல்ல குத்திப் பாப்பினம், அதுவும் பின்னேரம் நாலு மணிக்கு, ஒருத்தன் சாப்பிட்டு அரை மணித்தியாலம், இன்னொருத்தன் காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, எல்லாருக்கும் ஒரே மெஷின் ஒரே பேப்பர். 130 எண்டு வந்தவன் "எனக்கு நோர்மல்" எண்டு சிரிச்சுக்கொண்டு போய் அடுத்த டீக்கு சீனி கூடப் போடச்சொல்லுவான். அந்த நம்பர் அந்த நிமிஷத்துக்குச் சரியா இருக்கலாம், ஆனா அடுத்த பத்து வருஷத்தில அவனுக்கு என்ன நடக்கும் எண்டு அது சொல்லாது. வருத்தம் இருக்கோ எண்டு பாக்கிறது ஒண்டு, வரக்கூடிய ஆளோ எண்டு பாக்கிறது இன்னொண்டு, ரெண்டாவதை எங்கட ஆக்கள் பாக்கிறதே இல்லை.

இந்த ரெண்டாவதுக்கெண்டு உலகத்தில கனக்க ஃபோம் இருக்கு. பின்லாந்துக்காரர் 2003ல கொண்டுவந்தது ஃபின்ட்ரிஸ்க், எட்டுக் கேள்வி, 26 மார்க், பிரஷருக்கு குளுசை போடுறீங்களோ, ஒவ்வொரு நாளும் மரக்கறி பழம் சாப்பிடுறீங்களோ எண்டெல்லாம் கேக்கும், நல்ல ஃபோம்தான். ஆனா அதில ஆம்பிளையின்ட வயித்துச் சுத்தளவு 94 சென்டிமீற்றர் தாண்டினாத்தான் மார்க் ஏறும், எங்கட ஆக்களுக்கு 90லயே பிரச்சினை தொடங்குது. தெற்காசியாக்காரருக்கு உடம்பு மெல்லிசா இருந்தாலும் வயித்துக்குள்ள கொழுப்பு சேருறது கூட, அதால ஆம்பிளையளுக்கு 90, பொம்பிளையளுக்கு 80 சென்டிமீற்றர் எண்டு தனி அளவு வச்சிருக்கினம். டேப்பில இன்ச்சில பாத்தா கிட்டத்தட்ட முப்பத்தஞ்சரை, முப்பத்தொண்டரை. பீ.எம்.ஐ. எண்டு நிறையை உயரத்தோட வச்சுப் பாக்கிற கணக்கிலயும் அப்பிடித்தான், வெள்ளைக்காரருக்கு 25 மட்டும் பரவாயில்லை, ஆசியாக்காரர் 23லயே கவனமா இருக்கவேணும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ட நிபுணர் குழு 2004லயே சொல்லிட்டுது.

அதால நான் சொல்லுறது எங்கட பக்கத்து ஃபோம். சென்னையில டொக்டர் வி. மோகனும் அவற்ற ஆக்களும் 2005ல வெளிவிட்டது, இந்தியன் டயபிட்டீஸ் ரிஸ்க் ஸ்கோர் எண்டு பேர். நாலே நாலு கேள்வி. வயசு 35க்குக் கீழ எண்டா சைபர், 35இல இருந்து 49 எண்டா 20, 50உம் அதுக்கு மேலயும் 30. வயிறு ஆம்பிளைக்கு 90க்குக் கீழ, பொம்பிளைக்கு 80க்குக் கீழ எண்டா சைபர், ஆம்பிளைக்கு 90இல இருந்து 99, பொம்பிளைக்கு 80இல இருந்து 89 எண்டா 10, அதுக்கு மேல 20. உடற்பயிற்சியும் செய்து கஷ்டமான உடம்பு வேலையும் செய்யிற ஆளுக்கு சைபர், ரெண்டில ஒண்டு மட்டும் எண்டா 20, ரெண்டும் இல்லையெண்டா 30. அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் சீனி இல்லையெண்டா சைபர், ஒராளுக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும் இருந்தா 20. கூட்டிப் பாருங்கோ, நூறுக்குத்தான் மார்க். 30க்குக் கீழ எண்டா ஆபத்துக் குறைவு, 30இல இருந்து 50 நடுத்தரம், 60உம் அதுக்கு மேலயும் எண்டா கட்டாயம் போய் ரத்தம் குடுத்துப் பாக்கவேண்டிய ஆள்.

இப்ப உங்கட கடைக்குள்ள வாங்கோ. சாறி செக்‌ஷனில நிக்கிற 42 வயசு அண்ணை, வயிறு 36 இன்ச் எண்டா 91 சென்டிமீற்றருக்கு மேல, அம்மாக்கு சீனி. வயசுக்கு 20, வயித்துக்கு 10, அம்மாக்கு 10. உடம்பு வேலை? "நான் நாள் முழுக்க நிண்டுகொண்டு நிக்கிறன், கால் ரெண்டும் வீங்குது, எனக்கு என்னத்துக்கு எக்சசைஸ்" எண்டு அவர் கேப்பார். நிக்கிறது கஷ்டம்தான், ஆனா மூச்சு வாங்கிற வேலை இல்லை, சாறியை விரிக்கிறதும் மடிக்கிறதும் அந்தக் கணக்கில வராது. அவருக்கு 30. மொத்தம் 70. கெய்சர் வீதியில துணிக்கட்டு முதுகில சுமக்கிற நாட்டாமிக்கு அந்த இடத்தில 20தான், அந்த மனுசன்ட பாடு வேற விதத்தில கஷ்டம் எண்டாலும். மாடியில பில் போடுற 27 வயசுத் தங்கச்சி, கதிரையை விட்டு எழும்பாத வேலை, வயிறு 33 இன்ச், அப்பாக்கு சீனி: சைபர், 10, 30, 10, மொத்தம் 50. வயசு சைபரா இருந்தும் 50. 35 ஆகிற அண்டைக்கு ஒண்டுமே மாறாமல் அவ 70க்குப் போயிடுவா.

கோவிக்காதைங்கோ, இனி நீங்க. 55 வயசு, லாச்சிக்கு முன்னால சுழல் கதிரை, வாசல் வரைக்கும் கார், வயிறு 41 இன்ச், தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் சீனி. 30, 20, 30, 20. பள்ளிக்கூடத்தில ஒருநாளும் எடுக்காத நூறுக்கு நூறு! இந்த மடலை ஸ்டாஃப்புக்கு எண்டு வாசிச்சுக்கொண்டு வந்த முதலாளிமார் இந்த இடத்தில கொஞ்சம் நிமிர்ந்து இருப்பீங்க எண்டு நினைக்கிறன்.

அளக்கிற விஷயத்தில ஒரு சின்னக் கதை சொல்லவேணும், ஏனெண்டா இதில ஏமாறாத ஆள் இல்லை. "எனக்கு 34" எண்டு சொல்லுற ஆள் தன்ட ட்ரவுசர் சைஸைத்தான் சொல்லுறான். அது உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும், ஜென்ட்ஸ் செக்‌ஷனில ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானே, வயிறு வளர வளர ட்ரவுசர் கீழ இறங்கும், பெல்ட் தொப்புளுக்கு நாலு விரல் கீழ போயிடும், சைஸ் மட்டும் கலியாணம் கட்டேக்க இருந்த அதே 34. ஒரு கடையில மத்தியானம் சும்மா பகிடிக்கு எண்டு ஒரு சேல்ஸ்மென் இன்னொரு சேல்ஸ்மெனை அளந்தான், 34 எண்டு சத்தியம் பண்ணின ஆளுக்கு டேப் முப்பத்தெட்டேகாலில நிண்டுது, மற்றவன் டேப்பைப் பிரட்டிப் பாக்கிறான், பழசாகி இழுபட்டிட்டுது போல எண்டு. சேட்டை உயர்த்தி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின்ட மேல் விளிம்புக்கும் நடுவில பிடிக்கவேணும், கிட்டத்தட்ட தொப்புள் மட்டம் வரும். மூச்சை சாதாரணமா வெளியில விட்டுப்போட்டு நிக்கவேணும். உள்ளுக்கு எக்கக்கூடாது. டேப் தோலில படவேணும், இறுக்கக்கூடாது. பொம்பிளைப் பிள்ளையளை பொம்பிளைப் பிள்ளையள் அளக்கட்டும், தனி அறையில, இதை நான் சொல்லவே தேவையில்லை.

நாலாவது கேள்வியிலயும் ஒரு பொறி இருக்கு. உங்கட கடையளில மாடியில தங்கி வேலை செய்யிற பொடியள் கனபேர் மலையகத்தில இருந்து வந்தவை, சில பேர் வன்னி, மட்டக்களப்புப் பக்கம். "அப்பாக்கு சீனி இருக்கோ" எண்டு கேட்டா "இல்லை" எண்டுவான். அப்பா டெஸ்ட் செய்தவரோ எண்டு கேட்டா "அது செய்யேல்லை". இந்த ரெண்டு பதிலும் ஒண்டில்லை. பெரியவருக்குக் காலில காயம் மாசக்கணக்கா ஆறாமல் கிடந்து விரல் எடுத்ததோ, ராவில நாலு தரம் எழும்பினவரோ, கண் மங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவரோ எண்டு கேளுங்கோ, அப்பத்தான் "ஓம் அண்ணே, அது சீனியாலயோ?" எண்டு அவன் திருப்பிக் கேப்பான். நாடு முழுக்கச் செய்து 2008ல வெளிவந்த ஒரு ஆய்வில வளர்ந்த ஆக்களில பத்து வீதத்துக்குக் கொஞ்சம் மேல சீனி இருந்துது, அதில மூண்டில ஒரு பங்குக்கு மேல ஆக்களுக்கு அது இருக்கிறதே அண்டைக்கு வரைக்கும் தெரியாது, டவுன் பக்கத்தில வீதம் இன்னும் கூட. அப்பிடி எண்டா "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லை" எண்ட சொல்லை எவ்வளவு நம்பலாம் எண்டு நீங்களே யோசியுங்கோ.

இந்த நாலு கேள்வியில வராத சிலதும் இருக்கு. பிள்ளை வயித்தில இருக்கேக்க சீனி ஏறின அம்மாமாருக்கு, பிள்ளை பிறந்து எல்லாம் சரியாப் போனாலும் பின்னுக்கு வருத்தம் வாற சான்ஸ் பல மடங்கு கூட, கிளினிக் கொப்பி மூடினதோட அதை எல்லாரும் மறந்திடுவினம். பிரஷர் இருக்கிற ஆள், சிகரெட் பத்துற ஆள், முந்தி ஒருக்கா "போடர்லைன்" எண்டு டொக்டர் சொல்லி அனுப்பின ஆள், இவையள் மார்க் குறைவா வந்தாலும் போய்ப் பாக்கவேணும். சின்னப் பிள்ளையளுக்குத் திடீரெண்டு வாற டைப் 1 சீனி வருத்தம் வேற, இந்த ஃபோம் அதுக்கு இல்லை.

சரி, 60 வந்தவன் என்ன செய்யிறது? ஃபாஸ்டிங் டெஸ்ட். குறைஞ்சது எட்டு மணித்தியாலம் தண்ணியைத் தவிர ஒண்டும் குடிக்காமல் சாப்பிடாமல் காலமை போய் ரத்தம் குடுக்கவேணும். ரிப்போர்ட்டில 100க்குக் கீழ எண்டா நல்லது, 126 இல்லாட்டி அதுக்கு மேல எண்டா வருத்தம் எண்டு அர்த்தம் (ஒருக்கா வந்தாப் போதாது, வேற குணங்குறி இல்லாட்டி இன்னொருக்கா செய்து உறுதிப்படுத்துவினம்), நடுவில 100இல இருந்து 125 எண்டது வருத்தத்தின்ட வாசற்படி. மூண்டு மாசக் கணக்கைக் காட்டுற எச்.பி.ஏ.1சி. எண்டா 6.5உம் அதுக்கு மேலயும் வருத்தம், 5.7இல இருந்து 6.4 வாசற்படி, அதுக்குப் பட்டினி தேவையில்லை. எங்கட ஆக்கள் சில பேருக்கு ஃபாஸ்டிங் அழகா இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும், அதால குளுக்கோஸ் 75 கிராம் குடிக்கக் குடுத்து ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் பாக்கிற டெஸ்டும் டொக்டர் சொன்னா செய்யவேணும், அதில 140ஐத் தொட்டாலே கவனம்.

இஞ்சதான் உங்கட உதவி வேணும். 35 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு அரசாங்கத்தின்ட ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில பிரஷர், சீனி, நிறை, உயரம் எல்லாம் காசில்லாமல் பாக்கினம், 2011ல இருந்து நடக்குது. அங்க வாற ஆக்களில பொம்பிளையள்தான் கூட, ஆம்பிளையள் வாறதில்லை எண்டு சுகாதாரப் பகுதியே சொல்லிக் கவலைப்படுறது. ஏன் வாறதில்லை? அங்க ஆக்கள் போற நேரத்தில உங்கட கடை திறக்குது, எட்டரைக்கு ஷட்டர் தூக்கவேணும், பத்து நிமிஷம் பிந்தினா அரைநாள் வெட்டு. பிறைவேட் லேப் விடியவே திறக்கும், ஆனா காசு. சட்டப்படி பாத்தா கடை அலுவலக ஊழியர் சட்டம் 1954ல இருந்தே இருக்கு, வருஷத்துக்கு 7 நாள் கஷுவல் லீவு, 14 நாள் வருடாந்த லீவு. பேப்பரில இருக்கு. சம்பளப் புத்தகத்தை எழுதுறவன் நான், அந்த லீவு எத்தினை பேருக்குக் கிடைக்குது எண்டு என்னட்டக் கேக்காதைங்கோ.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். ரிப்போர்ட்டை நீங்க வாங்கிப் பாக்காதைங்கோ. ஒரு கடையில, பேர் வேண்டாம், ஸ்டோர்ஸில நிண்ட ஒருத்தருக்கு சீனி எண்டு தெரிஞ்சு, ஒரு சீசன் முடிய "உனக்கு இனி ஏலாது தம்பி, வீட்டில இருந்து உடம்பைப் பார்" எண்டு அன்பாச் சொல்லி அனுப்பினவை. அன்பாத்தான். அதுக்குப் பிறகு அந்தக் கடையில ஆருக்குமே சீனி இல்லை, பிரஷர் இல்லை, ஒரு தலையிடி கூட இல்லை! குளுசையை சப்பாத்துப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சுப் போடுறவனை நான் என்ட கண்ணால பாத்தனான். வேலை போயிடும் எண்ட பயம் இருக்கிற இடத்தில எந்த ஃபோமும் பொய்தான் சொல்லும், அம்மாக்கு சீனி இல்லை, அப்பாக்கு இல்லை, நான் ஒவ்வொரு நாளும் ஓடுறன். மார்க்கை அவனவன் தன்னோட வச்சிருக்கட்டும், உங்களுக்குத் தெரியவேண்டியது எத்தினை பேருக்கு ஒரு காலமை லீவு வேணும் எண்டது மட்டும்தான்.

"தெரிஞ்சு என்ன செய்யிறது, வாறது வரும்" எண்டு சில பேர் சொல்லுவினம். இதுக்கு நல்ல பதில் இருக்கு. அந்த நூறு மார்க்கில வயசுக்கும் தாய் தகப்பனுக்கும் போற 50ஐ ஒருத்தராலயும் மாத்த ஏலாது. வயிறும் உடம்பு அசைவும் சேந்து மற்ற 50, அது எங்கட கையில. அமெரிக்காவில 2002ல முடிவு வந்த ஒரு பெரிய ஆய்வில, வாசற்படியில நிண்ட ஆக்கள் நிறையில 7 வீதம் குறைச்சு கிழமைக்கு 150 நிமிஷம் நடக்கிறதை இலக்கா வச்சினம், வருத்தம் வாறது 58 வீதம் குறைஞ்சுது, மருந்து குடுத்த ஆக்களில 31 வீதம்தான் குறைஞ்சுது. எங்கட ஆக்களுக்கு அவ்வளவு வராது எண்டும் சொல்லிவிடுறன், சென்னையில 2006ல வந்த ஆய்வில உணவையும் நடையையும் மாத்தினதுக்கு 28.5 வீதம்தான் குறைஞ்சுது. குறைவுதான், எண்டாலும் நூறு பேருக்கு வரவேண்டிய இடத்தில எழுபது சொச்சம் பேர். 75 கிலோ ஆளுக்கு 7 வீதம் எண்டா அஞ்சு கிலோ சொச்சம். 150 நிமிஷம் எண்டா அஞ்சு நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். புறக்கோட்டையில கடை பூட்டிப்போட்டு காலிமுகத்திடல் மட்டும் நடந்து அங்கயிருந்து 100, 101 பஸ் ஏறினாலே கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்திடும். ஒம்பது மணிக்குக் கடையைப் பூட்டினா ஆர் நடக்கிறது எண்டு கேப்பினம், அது நியாயமான கேள்வி, அந்தக் கேள்வி உங்களுக்குத்தான்.

டீ விஷயத்தையும் சொல்லிப்போட்டு முடிக்கிறன். பொடியன் தட்டில கொண்டுவாற பிளேன்டீயில கேக்காமலே மூண்டு கரண்டி சீனி, ஒரு நாளைக்கு அஞ்சு தரம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் எண்டாலும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற உச்சம் ஒரு நாளைக்கு 50 கிராம் அளவில, 25க்குள்ள நிண்டா இன்னும் நல்லது எண்டு சொல்லினம். சோறு, ராக் கொத்து, கஸ்டமருக்கு எடுக்கிற சோடாவில மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகு. சோடாப் போத்தலிலயாவது 2016ல இருந்து சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எண்டு நிறம் போட்டிருக்கு, அப்ப வச்ச கணக்கில 100 மில்லிலீற்றரில சீனி 11 கிராமுக்கு மேல எண்டா சிவப்பு. பிளேன்டீக் கோப்பைக்கு அப்பிடி ஒரு நிறமும் இல்லை. சீனியைத் தனியா ஒரு போத்தலில தட்டில வச்சு விடச்சொல்லுங்கோ, வேண்டியவன் போடட்டும். இதால உங்கட சீனிச் செலவும் குறையும், நான் அந்த பில்லையும் பாக்கிறவன்.

எப்ப செய்யிறது எண்டா, பொங்கல் வியாபாரம் முடிஞ்சு சித்திரை வருஷத்து சரக்கு இறங்கிறதுக்கு முதல், பெப்ரவரியில. கடை ஈயாடுற காலம் அதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபோமை பிரின்ட் எடுத்து தமிழிலயும் சிங்களத்திலயும் வையுங்கோ, ரெண்டு பேர் டேப்பைப் பிடிக்கட்டும், முதல் ஆளா நீங்க நில்லுங்கோ, சேட்டை உயர்த்திக்கொண்டு. 60உம் அதுக்கு மேலயும் வந்தவையை அடுத்த கிழமை ரெண்டு ரெண்டு பேரா காலமை பத்தரை மட்டும் விட்டா கடை நிண்டுபோகாது. டெஸ்ட் காசை எந்தத் தலைப்பில போடுறது எண்டு கேப்பீங்க. ஸ்டாஃப் வெல்ஃபேர். பில்லை மட்டும் துலைக்காமல் தாங்கோ, மிச்சத்தை நான் எழுதிக்கொள்ளுறன்.

இப்படிக்கு,
உங்கட மேல்மாடி மேசையில கணக்கு எழுதுற ஒருத்தன்,
வெள்ளவத்தை.